பழைய வெர்ஷன்

ரோகிணி அலங்காநல்லூர் பக்கத்துக்காரி. பசுமலையில் கணினி படித்துவிட்டு, பழங்காநத்தம் பக்கம் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் பிரிண்டர், கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். நாளடைவில் சர்வர் அறையும் அவள் பொறுப்புக்கு வந்தது. லேப், மருந்துக் கடை, நோயாளிகள் விவரம் எல்லாம் தனித்தனிக் கணினிகளில் ஓடுவதுபோலத் தெரியும். உண்மையில் எல்லாமே அந்த அறையிலிருந்த ஒரே சர்வருக்குள்தான் ஓடின. ஒன்றைப் பலவாக்கும் அந்த மென்பொருளை விற்ற கம்பெனி, எல்லாரையும் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக ஓடும் வாடகை சர்வருக்கு, மாறச் சொல்லிவிட்டுப் பழைய வெர்ஷனைக் கைகழுவிவிட்டது.

"இனிமே இதுல கோளாறு வந்தா கேக்க ஆள் கிடையாதுண்ணே," என்று மேனேஜர் தங்கப்பாண்டியிடம் பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

"நல்லாத்தானம்மா ஓடுது? ஓடுற மட்டும் ஓடட்டும்."

அதன்பிறகு அவளுக்கு நிம்மதியில்லை. வீட்டில் சாப்பிடும்போது போன் அடித்தால்கூடத் தட்டை விட்டு எழுந்துவிடுவாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, கூட்டம் நிறைந்த நேரத்தில் கரண்ட் போனது. பேட்டரியும் கைவிட்டது. ஜெனரேட்டர் ஓடி சர்வர் திரும்ப எழுந்தபோது உள்ளே எதுவுமில்லை. விவரங்களைச் சேமித்திருந்த டிஸ்க்கை அது யாருடையதோ என்பதுபோலப் பார்த்தது. பழைய அடையாளத்தோடு எடுப்பதா, புது அடையாளம் கொடுப்பதா, மொத்தமாக அழித்துவிட்டுத் தொடங்குவதா என்று திரை கேட்டது.

உதவி எண்ணுக்குப் பேசினாள். "உங்க வெர்ஷனுக்கு சப்போர்ட் முடிஞ்சிருச்சு மேடம். கிளவுட் டீமுக்கு லைன் குடுக்கட்டுமா?" என்றது மறுமுனை.

தப்பாக ஒன்றை அழுத்தினால் இத்தனை பேருடைய விவரமும் போய்விடும். ரோகிணி மவுசிலிருந்து கையை எடுத்தாள். மாடிக்கு ஓடினாள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில், சின்னச்சாமி என்கிற விவசாயியை உள்ளே தள்ளிக்கொண்டு போகத் தயாராக இருந்தார்கள். டாக்டர் திவ்யா கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், இவருக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு எங்களால பாக்க முடியல. எப்ப பாக்க முடியும்னும் தெரியல."

"தெரியலன்னா?"

"நெசமாவே தெரியல டாக்டர். பயமா இருக்கு."

திவ்யா கையுறையைக் கழற்றினார். இது அவசர ஆபரேஷன் இல்லை. "வார்டுக்கே கூட்டிட்டுப் போங்க," என்றார். காலையிலிருந்து அப்பாவைப் பட்டினி போட்டது இதற்குத்தானா என்று சின்னச்சாமியின் மகன் ரோகிணியைப் பார்த்துச் சத்தம் போட்டான். அவள் மறுபடி சர்வர் அறைக்கு இறங்கினாள்.

முன்பு அந்த மென்பொருள் கம்பெனியிலிருந்து பழுது பார்க்க வந்து போய்க்கொண்டிருந்த சூரியபிரகாஷின் ஞாபகம் வந்தது. அவன் இப்போது அங்கேயே கிளவுட் விற்கிறான். அவனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"அக்கா, அழிக்கிறதை மட்டும் தொட்றாதீங்க," என்றான் எடுத்த எடுப்பில். "டிஸ்க்கை ஏதோ நகல்னு நெனச்சிருக்கு, அம்புட்டுத்தான். பழைய அடையாளத்தோடயே எடுங்க. நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லாதீங்க."

"தப்பாப் போயிட்டா?"

"போகாதுன்னுதான் நெனைக்கிறேங்க்கா."

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். மருந்துக் கடை எழுந்தது. நோயாளிகள் விவரம் எழுந்தது. லேப் மட்டும் எழவேயில்லை. முடிவுகள் போய்விட்டதால், அன்று காலை ரத்தம் கொடுத்தவர்களிடமெல்லாம் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. கைக்குழந்தைகள் வீறிட்டு அழுதது கீழ்த்தளம் வரை கேட்டது.

சின்னச்சாமியின் பக்கத்தைத் திறந்தாள். ஆபரேஷனுக்கு முன் வழக்கமாகப் போடும் ஊசி மருந்து அவருக்கு ஆகாது என்று சிவப்பில் இருந்தது. ரோகிணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு திவ்யாவைப் போனில் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டினாள்.

மறுநாளே நோயாளிகளின் கையில் ஒவ்வாத மருந்தின் பெயரெழுதிய பட்டை கட்டும் ஏற்பாட்டைத் திவ்யா செய்தார். தங்கப்பாண்டி கிளவுடுக்கு ஒப்புக்கொண்டார். ஆனால் ஸ்கேன் படங்களைத் தூக்கிக்கொண்டு போகுமளவு இணைய வேகம் அங்கே இல்லை. அவை மட்டும் இன்னமும் பழைய வெர்ஷனில்தான் ஓடுகின்றன. தினமும் அறைக்கதவைத் திறக்குமுன் ரோகிணி மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.