பெட்டி சொன்ன சுதி

அந்தப் பெட்டியை நினைத்தால் முதலில் வருவது ஓரத்துப் பொத்தானில் எரியும் சிவப்பு விளக்குதான். சீக்வென்சர் என்பார்கள், ஹார்மோனியம் போலக் கட்டைகள் வைத்த மின்பெட்டி. பெரியபட்டினத்துக்காரர் ஒருவர் துபாயிலிருந்து எங்கள் மாஸ்டருக்குக் கொண்டுவந்தது. ராமநாதபுரம் பக்கம் கல்யாணம், திருவிழா என்று பாட்டுக் கச்சேரி நடத்தியவர் மாஸ்டர். அந்தப் பொத்தானைப் போட்டு ஒரு கட்டையை அமுக்கினால் மூன்று சுரம் சேர்ந்து கேட்கும். பக்கத்துப் பொத்தானையும் போட்டால் அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டே இருக்கும். எட்டாவதோடு படிப்பை விட்டுக் கிடார் பிடித்தவன் நான். என் விரல் செய்ததை அது விரலில்லாமல் செய்தது. வேலை போய்விடுமோ என்று எனக்குச் சோறே இறங்கவில்லை. போனது என் வேலை இல்லை, எங்களோடு பாடிய அக்காவின் வேலை.

முதுகுளத்தூர் திருவிழாவில் அக்கா ஒரு சோகப் பாட்டுப் பாடியது. மாஸ்டர் பெட்டியில் மைனர், அதாவது சோகமாக ஒலிக்கும் மூன்று சுரச் சேர்க்கை, பதிந்திருந்தார். எந்தக் கட்டையை அமுக்கினாலும் அது மைனரையே கொடுக்கும். ஆனால் சரணத்தில் ஓரிடம், நடுச் சுரம் அரை ஏறி ஒலிக்கும் மேஜருக்குப் போக வேண்டும். அங்கே அக்கா நீட்டிப் பிடித்த சுரத்துக்கு அரைச் சுரம் கீழே பெட்டி உருட்டியது, விடாமல், திரும்பத் திரும்ப. கூட்டத்தில் விசில். மாஸ்டர் மைக்கிலேயே, "சுதியக் கவனிம்மா" என்றார்.

மேடையை விட்டு இறங்கியதும் சொன்னேன். "மாஸ்டர், அக்கா சரியாத்தான் பாடுச்சு. மேஜர் வர்ற இடத்துலயும் பெட்டி மைனர் போடுது."

"ஏலே, மேகத்தப் பாத்தா ஷாக் அடிக்கும்ப, ஜெனரேட்டர் உறுமுனா வெடிக்கும்ப. இப்பப் பெட்டியா? மிஷினுக்கு எங்கலே சுதி போகும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் பேச்சு எங்கே எடுபடும்?

திரும்பி வரும்போது வேனில் அக்கா மெதுவாக, "தொண்டை கெட்டுப்போச்சு போல, தம்பி" என்றது. கிடாரில் அந்த இடத்தை வாசித்துப் பாடச் சொன்னேன். சுத்தமாக நின்றது. "உனக்கு என் மேல பாசம், அதான் அப்படித் தெரியுது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. அடுத்த கச்சேரியில் பெட்டிக்குத் தக்கபடி அந்தச் சுரத்தை இறக்கிப் பாடியது. "இப்பச் சரி" என்றார் மாஸ்டர். பாட்டுத் தெரிந்த கூட்டம் கத்தித் தீர்த்தது. மாஸ்டர் அக்காவை நிறுத்திவிட்டு மதுரையிலிருந்து வேறொரு பெண்ணைக் கூட்டிவந்தார். அந்தப் பாட்டை மட்டும் அந்தப் பெண்ணுக்கு அவர் கொடுக்கவே இல்லை.

போன மாதம் உச்சிப்புளி பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். பாடுறீங்களாக்கா என்றதற்கு, "சுதி சேராத ஆளுக்கு எதுக்கு தம்பி அதெல்லாம்" என்றது. பஸ்ஸுக்கு நிற்கும்போது தன்னையறியாமல் அந்தப் பாட்டையே முனகியது. அந்த இடம் வந்ததும் அரைச் சுரம் இறங்கியது.

மாஸ்டர் புதுக் கீபோர்டு வாங்கியபோது என் தலையில் கட்டிய பெட்டி வீட்டில்தான் கிடக்கிறது. அன்றைக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டேன். பொத்தானைத் தொடும் முன்பே சிவப்பு விளக்கு எரிந்தது; கட்டையை அமுக்கினால் அதே மைனர்.