தொப்பி போட்ட சூசையப்பர்

எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த சூசையப்பர் இறகு வைத்த தொப்பியும் முழங்கால் வரைக்கும் பூட்ஸும் போட்டிருப்பார். நாங்கள் பிழைக்க வந்த நாட்டில், மவுண்ட் வெல்லிங்டன் என்ற எங்கள் பகுதியில், ஒரு பழைய சாமான் கடையில் அம்மா வாங்கிய தையல் படம் அது. முந்நூறு, நானூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்துப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பைபிள் காட்சிகளைப் பட்டுநூலால் தைப்பார்களாம். அப்படி ஒன்றைப் பார்த்து யாரோ தைத்த நகல். தங்கள் ஊர்த் துரைமார் உடுப்பையே பைபிள்காரர்களுக்கும் மாட்டிவிட்டிருந்தார்கள். சூசையப்பர், மாதா, அவள் கையைப் பிடித்து நடக்கும் குழந்தை இயேசு, பின்னால் கூடார வாசலில் இன்னொரு பெண், ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு கம்பளிப்பூச்சி. குழந்தை இவ்வளவு வளர்ந்துவிட்டாரே என்று அப்பா இழுத்தார். எகிப்திலிருந்து திரும்பி வருகிறார்கள் என்று அம்மா ஒரே போடாகப் போட்டாள். அதன் முன்னால்தான் தினமும் ஜெபமாலை.

அந்த வருடம் அப்பாவின் தங்கை, என் அத்தை, கணவனிடம் அடி வாங்கியது போதும் என்று எங்கள் சொந்த ஊரான ஈப்போவிலிருந்து மகனோடு விமானம் ஏறி எங்களிடம் வந்துவிட்டாள். வீட்டில் இரண்டே அறை. அவனுக்கும் எனக்கும் ஓயாத சண்டை. ஐந்தாவது மாதம் அவன் தள்ளியதில் என் முன்பல் உடைந்தது. அம்மா அன்றே நகரத்தின் இன்னொரு மூலையில், மங்கரேயில், அவர்களுக்கு ஓர் அறை பார்த்துவிட்டாள். அத்தைக்கு அங்கே ஒருவரையும் தெரியாது, வேலையும் இல்லை. எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

சனிக்கிழமை காலை அப்பா குனிந்த தலையோடு காரை எடுக்கப் போனார். அம்மா ஒரு ரொட்டிப் பாக்கெட்டையும் தண்ணீர் பாட்டிலையும் அத்தை கையில் கொடுத்தாள். அப்படியும் மனசு கேட்கவில்லை போலும், படத்தைக் கழற்றி நீட்டினாள்.

"இதையும் கொண்டு போ. திருக்குடும்பம் கூடவே இருக்கட்டும்."

படத்தின் முதுகு எங்கள் பக்கம் இருந்தது. அதில் பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை, படிக்கத் தெரிந்த திமிரில், உரக்கப் படித்தேன். ஆபிரகாம் ஆகாரையும் அவள் பிள்ளையையும் வீட்டைவிட்டு அனுப்புகிறார்.

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. அப்படியானால் கூடார வாசலில் நிற்பவள், பணிப்பெண் ஆகாரையும் அவள் ஆபிரகாமுக்குப் பெற்ற பிள்ளையையும் துரத்தச் சொன்ன அவர் மனைவி சாரா.

"எனக்கு வந்த அன்னிக்கே தெரியும் அண்ணி," என்றாள் அத்தை. "ஆகார் கையில ரொட்டியும் தண்ணியும் இருக்கு பாருங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

"தங்க இடம் கொடுத்த வீட்டுல எப்படி லா சொல்றது," என்றாள் ஈப்போ பேச்சு மாறாமல்.

அம்மா படத்தைக் கீழே போட்டாள். ரொட்டியையும் தண்ணீரையும் அத்தை கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

நான் ஆடிப்போனேன். கொடுத்த ரொட்டியைத் திரும்பப் பிடுங்குவதா? என் அம்மா இவ்வளவு கஞ்சமா? வெட்கம் தாங்கவில்லை. பின்னாலேயே ஓடி, மேசையிலிருந்த ரொட்டியை எடுத்துவந்து, பெட்டிமேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அத்தையின் மடியில் வைத்தேன். அம்மா ஓடிவந்து விட்டாள் பாருங்கள் ஓர் அறை, இன்னொரு பல்லும் போயிருக்கும்.

அப்பா பெட்டிகளைக் காரில் ஏற்றாமல் ஏன் உள்ளே தூக்கிவந்தார், ரொட்டி கொடுத்த எனக்கு ஏன் அடி விழுந்தது, இரண்டும் அன்றைக்குப் புரியவில்லை.