மாஸ்டரின் கணினியில் நான் அழித்த ஜும்ஆ முபாரக் படங்கள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கல்முனையில் அரிசி ஆலை கட்டினேன். கடல் வந்து அதைக் கொண்டுபோனபோது, இனி ஏலாது என்று சொன்னவர்களின் கண்முன்னே இரண்டாம் தடவையும் கட்டினேன். நிந்தவூரில் வயல் வாங்கினேன். பழைய இயந்திரம் எதையும் இரும்புக்குப் போடாமல் ஓட்டிக் காட்டினேன். இவற்றோடு இன்னொன்றும் செய்தேன்: எங்கள் பள்ளிவாசல் செயலாளரின் பழைய சின்ன மடிக்கணினிக்குள் இடம் உண்டாக்கினேன். முந்தியவற்றை ஊர் ஒப்புக்கொள்கிறது. கடைசியைத்தான் மறைக்கிறது.

செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மாஸ்டர் என்றே கூப்பிடுவோம். மையவாடியில் யார் எங்கே அடக்கப்பட்டிருக்கிறார்கள் என்று, கறையான் அரித்த பதிவேடுகளைப் பார்த்து அந்தக் கணினியில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு அலுவலக அறைக்குள் நுழைந்தால், மனிதர் தலையில் கைவைத்தபடி இருக்கிறார். அன்று எழுதிய எதையும் கணினி சேமிக்கவில்லை, உள்ளே இடமில்லையாம். பழுதுபார்க்கும் கடையில் தூக்கி வீசச் சொன்னார்களாம். பதிவேடோ தொட்டால் மாவாக உதிர்கிறது. அது முழுதாக உதிர்ந்துவிட்டால் எங்கள் மையித்துகளின் பெயர்களும் அதோடு போய்விடும்.

ஆலையில் நெல் சிக்கினால் எது அடைக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். "என்னத்த நிரப்பி வெச்சிரிக்கீங்க?" என்றேன். திறந்து காட்டினார். கைப்பேசிக்கு வந்ததெல்லாம் தானாகவே இதற்குள்ளும் இறங்கியிருந்தது. ஊர்க் குழுக்கள் அத்தனையும் வெள்ளிக்கிழமை தோறும் அனுப்பிய ஜும்ஆ முபாரக் படங்கள்: கஃபா, ரோசாப்பூ, நடுவில் ஒரு குர்ஆன் ஆயத்து. வருடக்கணக்காக ஒன்றையும் அழிக்கவில்லை.

"அழிங்க மாஸ்டர்."

"என்ன கதை கதைக்கிறீங்க ஹாஜியார்? அல்லாஹ்ட பேர் இரிக்கிற படம். அழிச்சா அந்தக் குப்பைக் கூடைக்குள்ளதான் போய் விழும், பாருங்க."

பார்த்தேன். திரையின் மூலையில் மெய்யாகவே ஒரு கூடை. கிழிந்த குர்ஆன் தாளை வெள்ளைத் துணியில் சுற்றிச் சுத்தமான மண்ணில் புதைக்கிற மனிதர் அவர். எனக்குச் சிரிக்க வரவில்லை. ஆனால் நான் விடுகிறவனுமல்ல.

"கூடைக்குள்ள போகாம அழிக்க வழி இல்லயா? படிச்சவர் நீங்கதானே!"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு யோசித்தார். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் கூடைக்குப் போகாமலே மறைந்துவிடும் என்பது ஞாபகம் வந்தது. "பாவம் வந்தா?" என்றார். "வந்தா பாதி எனக்கு," என்றேன். ஒரு பொத்தானை நான் அழுத்திப் பிடித்தேன். மற்றதை பிஸ்மி சொல்லி அவர் அழுத்தினார். நிச்சயமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஓம் எண்டு குடுங்க மாஸ்டர்!"

இடம் கிடைத்த கணினியில் பட்டியலை முடித்த வருடமே மாஸ்டரும் மையவாடிக்குப் போனார். கடைசிப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. இப்போது அது புத்தகமாக வந்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் வாப்பாவின் கப்றைத் தேடிப் போய் ஸலாம் சொல்கிறார்கள். முன்னுரையில் மாஸ்டருக்கு நன்றி, அது நியாயம். தாள் தந்தவருக்கும் அட்டைப்படம் எடுத்தவருக்கும் நன்றி. எனக்கு ஒரு வரி இல்லை. கேட்டால், "ஒரு பொத்தான அமத்தினதுக்கெல்லாம் பேர் போடுறதா ஹாஜியார்?" என்று நிர்வாகத் தலைவர் சிரிக்கிறார். ஓம், போடத்தான் வேண்டும். பாவத்தில் பாதியை ஏற்றவன் நான். நன்மையில் பாதி கேட்கவில்லை, ஒரு வரிதான் கேட்கிறேன். அடுத்த பதிப்பில் என் முழுப் பெயரையும் போடுங்கள். வெறுமனே ஹாஜியார் என்று போட்டால், இந்த ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர் அது தான்தான் என்று வந்து நிற்பார்கள்.