ஸெலியின் முகத்தைத் தேய்த்தவள்

பாத்திஞோல் பக்கத்துச் சலவைக்கூடத்தில் சலவைக்காரி ஒர்தான்ஸின் கைக்குப் பயப்படாத ஆண் கிடையாது. கல்யாணமான வருஷமே புருஷனின் தாடையை உடைத்து விரட்டினாள். மகள் ஸெலியை எட்டி உதைத்த கரிக்காரன், தன் முன்பல்லைச் சவுக்காரத் தொட்டிக்குள் தேடினான்.

அந்த ஸெலிதான் எங்கள் ஓவிய வாத்தியார் வொகூரின் படத்துக்கு ஆடு மேய்க்கும் சிறுமியாக நின்றாள். படம் முடிந்து காய்ந்த சமயத்தில் தொண்டை அடைப்பான் கண்டு செத்துப்போனாள். போட்டோ எடுக்க ஒர்தான்ஸுக்கு வசதியில்லை. மகளின் முகம் அந்தப் படத்தில் மட்டும்தான் இருந்தது. ஞாயிறுதோறும் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

படத்தை வாங்கிய வங்கிக்காரர் ஸெலியின் முகத்தின் மேல் தன் மகளின் முகத்தைத் தீட்டச் சொன்னார். எங்கள் ஓவியக்கூடத்தில் இது சகஜம். உடம்புக்கு ஏழைப் பிள்ளை நாள்கணக்கில் நிற்கும். முகத்துக்குப் பணக்காரப் பிள்ளை சற்று உட்கார்ந்துவிட்டுப் போகும்.

அந்த ஞாயிறு, புது முகத்தைப் பார்த்து ஒர்தான்ஸ் கேட்டாள்: "இது யாரு?"

வாத்தியார் மூக்கால் இழுத்து இழுத்துப் பேசினார். "பதறாதேம்மா... ஒண்ணும் அழியல... உன் பொண்ணு அடியில அப்படியேதான் இருக்கா..."

"அடியில இருக்காளா? அப்ப மேல இருக்கிற அழுக்கை எடுத்தாப் போச்சு!"

அவள் கூடையிலிருந்து துணி வெளுக்கும் காரநீர்ப் புட்டியும் முரட்டு பிரஷும் வெளியே வந்தன.

"பிடிங்கடா அவளை!" என்று வாத்தியார் கத்தினார்.

எங்களில் பயில்வான் என்று பீற்றிக்கொள்ளும் கஸ்பார் பாய்ந்தான். முழங்கை இடித்து அவன் மூக்கு உடைந்தது. குறுக்கே வந்த வாத்தியாரின் காது கிழிந்தது.

"சட்டையைப் பத்திக் கவலைப்படாதீங்க மொசியே. ரத்தக்கறை பச்சைத் தண்ணியிலயே போயிரும்!"

நாங்கள் பிடித்து இழுக்க இழுக்கத் தேய்த்தாள். பணக்காரப் பிள்ளையின் ஈரக் கன்னம் வழிந்தது. உள்ளேயிருந்து ஸெலியின் இடக்கண் எட்டிப் பார்த்தது.

"வந்துட்டா! பாருங்கடா, வந்துட்டா!"

அவளைப் பிடித்திருந்த கைகளை நாங்களே எடுத்துவிட்டோம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் இன்னும் வரவில்லையே என்று மிச்சக் காரநீரையும் ஊற்றினாள். வாய் வந்தது, கரைந்தது. கண்ணும் கரைந்தது. கித்தான் நூல்தான் தெரிந்தது.

ஒர்தான்ஸ் மெதுவாகத் திரும்பினாள். "நீங்க வரைஞ்சதுதானே. திரும்ப வரைங்க."

காதைப் பொத்தியபடி வாத்தியார் முனகினார். "எனக்கு... அந்த முகம் ஞாபகமில்ல."

அவள் எட்டி எடுத்த அடுப்புக் கம்பி அவரது வலது கையில் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மறுபடி ஓங்கியவள், எங்கள் பக்கம் பார்த்தாள்.

"உங்கள்ல எவனுக்காவது ஞாபகம் இருக்காடா?"

வாரக்கணக்கில் ஸெலியைப் பார்த்து வரைந்தவர்கள் நாங்கள். காலை வரைந்தோம், கையை வரைந்தோம், பாவாடை மடிப்பை வரைந்தோம். முகம் எங்களில் ஒருவனுக்கும் ஞாபகமில்லை.