ராக்காயி அக்காவிடம் நோட்டு இல்லை

போன வாரம் பசுமலையிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர் கூப்பிட்டார். எங்கள் குழு மேடையேற்றி, நானே அச்சிட்ட ஒரு பழைய நாடகத்தைப் பாடமாக வைக்கப்போகிறாராம். "அந்தக் கூலிக்காரம்மா பேசுற எடத்த மட்டும் கொஞ்சம் நல்ல தமிழ்ல திருத்திக் குடுத்தீங்கன்னா..." என்று இழுத்தார். முடியாது என்றேன். மரியாதையாகத்தான் சொன்னதாக நினைப்பு. பக்கத்தில் இருந்த என் மனைவிக்கு அப்படித் தோன்றவில்லையாம்.

கோபம் வந்தால் எனக்கு ஏனோ டோனர் வாசனை ஞாபகத்துக்கு வரும். ஆனையூரில் நான் வைத்திருந்த டிடிபி கடையின் வாசனை அது. வாரத்தில் ஆறு நாள் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை நாடகம். குழுவில் ஒரு போஸ்ட்மேன், மில் வேலைக்காரர்கள் இரண்டு பேர், ஒரு சத்துணவு டீச்சர், வயல் வேலைக்குப் போகும் ராக்காயி அக்கா. நடிப்பு சுத்தமாக வராததால் நான் பதிப்பாளன் ஆனேன்.

எங்களிடம் முழு நாடகம் ஒரே இடத்தில் இருந்ததே கிடையாது. கூடிப் பேசிப் பேசித்தான் உருவாக்குவோம். பிறகு அவரவர் வசனத்தை அவரவர் நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்வார்கள். புத்தகம் போடலாம் என்று முடிவானதும் நோட்டுகளை வாங்கி மளமளவென்று டைப் அடித்தேன். பண்ணையாராக நடித்த போஸ்ட்மேன் தனக்காகக் குறித்து வைத்திருந்த 'இங்க மீசையத் தொட்டுப் பாத்துக்க, போன தடவ விழுந்துருச்சு' என்பதும் வசனமாகவே ஏறிவிட்டது. புரூப் பார்த்தவனும் நான்தான். பதினேழாம் பக்கத்தில் இன்னமும் இருக்கிறது.

ராக்காயி அக்காவிடம் மட்டும் நோட்டு இல்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் வயல் வழியாகப் பிணத்தைக் கொண்டுபோகக் கூடாது என்று பண்ணையார் மறிக்கும்போது, செத்தவரின் மனைவி எதிர்த்து நின்று பேச வேண்டும். அதுதான் அக்காவின் பாகம். நாடகத்தின் உயிரே அந்த இடம்தான். கடையில் உட்காரவைத்து, சொல்லச் சொன்னேன்.

"அந்தாளு மறிக்காம நான் எதுக்குத் தம்பி பேசணும்?" என்றார்.

நியாயம்தானே? அடுத்த ஞாயிறு மத்தியானம் போஸ்ட்மேனை வரவழைத்து, ஜெராக்ஸ் மிஷினை ஓரம் தள்ளி, மறிக்கச் சொன்னேன். நான் பேனாவும் கையுமாக நின்றேன். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"இந்த வயல்ல அவரு காலு படாத எடம் எது, காட்டு. உசுரோட நடந்தப்பத் தீட்டில்ல, செத்தாத்தேன் தீட்டா? ஒதுங்கு."

போஸ்ட்மேன் நிஜமாகவே ஒதுங்கிவிட்டார்.

பள்ளிகளுக்குப் புத்தகம் அனுப்பும் பெரியவர் ஒருவர் அப்போது இருந்தார். அந்த இடத்தை எழுத்துத் தமிழுக்கு மாற்றி, குழுவில் இருந்த அத்தனை பேரின் பெயருக்கும் பதிலாக ஆசிரியர் என்று ஒரே பெயரைப் போட்டால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்குச் சபலம் தட்டியது, மறைப்பானேன். அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"மாத்துனா அது நான் பேசுனது இல்லையே தம்பி."

பேசியது பேசியபடி, ராக்காயி என்ற பெயரோடு புத்தகம் வந்தது. பெரியவர் திரும்பிப் பார்க்கவில்லை. போகட்டும் என்று சாக்குப்பையில் கட்டித் தூக்கிக்கொண்டு நாடகம் போட்ட ஊரிலெல்லாம் நாங்களே விற்றோம். கீழக்குயில்குடியில் வாசிக்கத் தெரியாத பெண்கள்கூட வாங்கினார்கள்.

புத்தகம் வந்தபின் நடந்த முதல் நாடகத்தில் போஸ்ட்மேன் அச்சில் இருந்ததை வரி பிசகாமல் மனப்பாடம் செய்து வந்திருந்தார். அக்கா அதில் இல்லாத வேறு எதையோ பேசினார். மனிதர் முழித்துக்கொண்டு நின்றார். அச்சில் வந்ததை இப்படி மாற்றலாமா என்று நாடகம் முடிந்ததும் பதிப்பாளர் மிடுக்கோடு நான் கேட்டேன்.

"புத்தகம் அதுபாட்டுக்கு இருக்கட்டும். இன்னைக்கு எனக்கு வேற கோவம்."

குழு கலைந்துவிட்டது. கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ஷோரூம். அக்கா இறந்து நாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன் எத்தனையோ ஊரில் பேசினார், ஒரு ஊரில் பேசியதை இன்னொரு ஊரில் பேசவில்லை. புத்தகக் கட்டோடு மேடையோரம் நின்று அத்தனையையும் கேட்டவன் நான். ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அதுதான் அச்சாகிவிட்டதே என்று இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. மிச்சமிருப்பது அந்த ஒரு மத்தியானத்துக் கோபம்தான். அதில் ஒரு எழுத்தைக்கூட எவருக்காகவும் திருத்த மாட்டேன்.