கார்த்திகையில் கல்யாணம் வைத்த சம்பந்தியம்மா

சம்பந்தியம்மா உலகம்மாள் காலமான செய்தி வந்தபோது நான் மீசைக்கு மை தடவிக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் முடிந்திருந்தது. வலப்பக்கத்துக்குப் பிரஷ்ஷைத் தூக்கிய நேரத்தில் மருமகன் முருகனிடமிருந்து போன்.

"மாமா, அம்மா போயிட்டா. காலையில எந்திச்சுப் பால் காய்ச்சி வச்சா. அங்கன நாற்காலில வந்து உக்காந்தவதான்."

போனை வைத்தேன். முகத்தைக் கழுவினேன், மை போகவில்லை. தென்காசியிலிருந்து வாசுதேவநல்லூர் வரை பாதி மீசை கறுப்பும் பாதி வெள்ளையுமாகப் பஸ்ஸில் போய் இறங்கினேன். துட்டி வீட்டுக்குள் நுழைந்ததும் அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு நொடி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். என் மகள் மீனாதான் கிட்டே வந்து, "அப்பா, அத்தை பாத்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள்.

உண்மை. இந்த ஆறு வருஷத்தில் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு அந்த அம்மாளுக்குக் காரணங்கள் குறைந்ததே இல்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உலகம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் சீக்கிரமே போய்விட, ஒரே மகனைத் தனியாளாக நின்று படிக்கவைத்தவர். குள்ளமான உருவம். நடை மட்டும் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் நடை.

தெரிந்தவர்களுக்கும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்களில் பாதிப்பேர் அவரைத் தப்பாகத் தெரிந்துவைத்திருக்கிறீர்கள். "கல்யாணத்த நிறுத்திருவேன்னு பொண்ணு வீட்டுக்காரன மிரட்டினவ" என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. சாகும்வரை அது அவரை விட்டுப் போகவில்லை. அந்தப் பெயர் வரக் காரணம் நான். அதை இறக்கி வைக்காமல் இந்தக் கட்டுரையை முடிக்கப் போவதில்லை.

மீனாவைப் பேசி முடித்த பிறகு, தேதி குறிப்பதற்காக சம்பந்தியம்மா தென்காசிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திட்டத்தை எடுத்து விட்டேன். தையில் கல்யாணம். ஏசி மண்டபம். ஆயிரம் பேருக்குச் சாப்பாடு, மூன்று பாயசம். பணத்துக்கு, குத்துக்கல்வலசையில் நான் வாங்கிப் போட்டிருந்த நாலு சென்ட் மனையை விற்பதாக ஏற்பாடு. புரோக்கரிடமும் சொல்லியாகிவிட்டது.

அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "ஆயிரம் பேர உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"தாலுகா ஆபீஸ்ல முப்பது வருஷமா இருக்கேன் சம்பந்தியம்மா. தெரியாமலா?"

"சரி, பேரச் சொல்லுங்க. நான் எழுதுதேன்."

நூற்றுப் பதினெட்டாவது பெயரில் நான் திக்கினேன். சொன்னதிலும் இரண்டு பேர் ஏற்கெனவே இறந்துபோனவர்கள் என்று என் வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஊர் என்ன சொல்லும், என் கௌரவம் என்ன ஆகும் என்று கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். அவர் என்னைவிடச் சத்தமாகச் சொன்னார்.

"அந்த நிலத்த வித்தீங்கன்னா இந்தக் கல்யாணம் நடக்காது அண்ணாச்சி! எம் மவனுக்கு நான் வேற பொண்ணு பாத்துக்கிடுதேன்!"

ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மாள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிலம் என்ற முதல் பாதி அவர் காதில் விழவில்லை, கல்யாணம் நடக்காது என்ற மறுபாதி நன்றாக விழுந்தது. சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவில் அது வரதட்சணைச் சண்டையாகிவிட்டது. மறுநாள் கடையம் வரை போய்ச் சேர்ந்தது.

ஜன்னலுக்கு வெளியே கேட்காத மீதியை இப்போது கேளுங்கள். அவர் குரலை இறக்கிச் சொன்னார்.

"எங்க அப்பா என் கல்யாணத்துக்குக் கடையத்துல இருந்த வயல வித்தாக. அன்னைக்கு வந்து தின்னவன் ஒருத்தனுக்கும் இன்னைக்கு அந்தச் சோத்து ருசி ஞாபகம் கிடையாது. எங்க அப்பாவுக்கு மட்டும் சாவுத வரைக்கும் கசந்துச்சு. எவன் வயலுக்கோ கூலிக்கு நாத்து நடப் போனாக. பஸ்ஸு அந்த வழியாப் போனா அந்த வயல் தெரியாத மறுபக்கத்து ஜன்னலத்தான் நான் பாப்பேன். மீனாவும் அப்படி ஒரு பக்கம் பாத்து உக்கார வேண்டாம்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? தெருவில் இறங்கி, "மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை, என் வீம்பைத்தான் அடக்கினார்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் ஏசி மண்டபத்துக்கு வக்கில்லாதவன் என்று தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் நான் கொடுமைக்கு ஆளான தகப்பன். அந்தப் பதவியில் சுகம் உண்டு ஐயா! ஆபீஸ் எதிரே டீக்கடையில் ஒரு மாதம் என்னைக் காசு எடுக்கவே விடவில்லை. "பாவம், பொண்ணப் பெத்தவரு" என்று ஆளுக்கொரு டீ. நானும் பெருமூச்சு விட்டு விட்டுக் குடித்தேன்.

விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. அடுத்த முறை வந்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த டீயாச்சும் சூடா இருந்துச்சா அண்ணாச்சி?"

அதன் பிறகு கல்யாணத்தை அவர்தான் நடத்தினார். தை வேண்டாம், கார்த்திகைக் கடைசி முகூர்த்தம் என்றார். மழைக்காலமாயிற்றே என்றேன்.

"எங்க ஆளுவளப் பத்தி உங்களுக்குத் தெரியாது. எங் கொழுந்தன் சங்கரபாண்டி இருக்கானே, கல்யாணத்துக்கு முந்தின நாளு அவனுக்கும் அவன் கூட்டாளிக்கும் தண்ணி வாங்கிக் குடுக்கணும், மறுநாளு கறிச்சோறு போடணும், ரெண்டுக்கும் நடுவுல சண்டையும் விலக்கணும். கார்த்திகையில எல்லாவனும் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பான். குடி கிடையாது, கறி கிடையாது, சண்டை கிடையாது. வருஷத்துல அந்த நாப்பத்தோரு நாளுதான் எங்க ஆளுவ மனுசனா இருக்கானுவ. அதுக்குள்ள முடிச்சிரணும்."

ஒரு கல்யாணத்தின் பாதிச் செலவை ஐயப்பன் தலையில் கட்டிய மூளையை நான் அன்றுதான் பார்த்தேன்.

குற்றாலத்தில் சின்ன சமுதாய மண்டபம் ஒன்றை அவரே பேசி எடுத்தார். பந்தியில் நூறு பேர்தான் உட்காரலாம், வருவது முந்நூறு பேர். அதற்கும் பதில் இருந்தது. "குத்தாலத்துக்கு வந்தவன் குளிக்காமப் போவானா? நூறு பேரு பந்தியில இருப்பான், மிச்சப்பேரு அருவியில இருப்பான். மாறி மாறி வந்து தின்னுட்டுப் போவான்."

கல்யாணத்தன்று விடியற்காலையிலிருந்து மழை. முகூர்த்தம் நல்லபடி முடிந்தது. ஆனால் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. துண்டும் சோப்புமாகப் போன அத்தனை பேரும் நனைந்து திரும்பி, பந்திக் கூடத்தின் வாசலில் கூடிவிட்டார்கள்.

அந்த நெரிசலில்தான் வெளியூர் பஸ் ஒன்று வந்து நின்றது. ஐம்பது ஐயப்ப பக்தர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், அவர்களும் அருவியில் குளிக்க முடியாமல் திரும்பியவர்கள். மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தால், பாதிப்பேர் கறுப்பு வேட்டியும் துளசிமாலையுமாக இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்னதானம் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்? வாசலில் நின்ற சங்கரபாண்டியைக் கும்பிட்டு "சாமி சரணம்" என்றார்கள். விரத வழக்கத்தில் அவரும் கும்பிட்டு, "சாமி சரணம், வாங்க சாமி, உக்காருங்க சாமி" என்றார். கிடைத்த இடத்தில் ஐம்பது சாமிகளும் உட்கார்ந்துவிட்டார்கள், சங்கரபாண்டியும் ஓர் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாடு பற்றாது என்று எனக்கே தெரிந்தது. போனை எடுத்தேன். "ஓட்டல்ல நூறு சாப்பாடு கடனாச் சொல்லிருதேன் சம்பந்தியம்மா. புரோக்கர் நம்பர் இருக்கு, நாளைக்கே மனையக் குடுத்து அடைச்சிருவோம்."

அவர் என் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தன் இடுப்பில் சொருகிக்கொண்டார். "அரிசி இருக்கு, அடுப்பு இருக்கு, நான் இருக்கேன். சும்மா நில்லுங்க."

பிறகு கூடத்தைப் பார்த்து ஒரு குரல். "ஏலே சங்கரபாண்டி! நம்ம ஆளுவள எந்திரிக்கச் சொல்லு. நமக்குக் கடைசிப் பந்தி."

சங்கரபாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. "மைனி, நாம மாப்பிள்ளை வீடு. நமக்கு மரியாத என்னாவுது?"

"மாலை போட்டவனுக்கு என்னலே மாப்பிள்ளை வீடு, பொண்ணு வீடு? பசிச்சு வந்த சாமிக்கு மொதல்ல வை!"

மாலை போட்ட மனிதர் எதிர்த்துப் பேச முடியுமா? எழுந்தார். அவரைப் பார்த்து அவர் பக்கத்து ஆட்கள் எல்லோரும் எழுந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனார். இருந்த தக்காளியையும் அரிசியையும் பெரிய அண்டாவில் போட்டார். பள்ளிக்கூடத்தில் நூறு நூறாகப் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்ட கை. முக்கால் மணி நேரத்தில் தக்காளி சாதம் கூடத்துக்கு வந்தது. வந்த ஒருவரும் பசியோடு போகவில்லை. கடைசிப் பந்தியில், கடைசி இலையில், முகமெல்லாம் கரியோடு அவர் உட்கார்ந்தார். அதற்குள் ஐம்பது சாமிகளும் முருகனையும் மீனாவையும் நடுவில் நிறுத்திச் சரணம் சொல்லி வாழ்த்திவிட்டுப் பஸ் ஏறியிருந்தார்கள். ஏசி மண்டபத்தில் ஆயிரம் பேர் வந்திருந்தாலும் அப்படி ஒரு வாழ்த்துக் கிடைத்திருக்காது.

மனை விற்கப்படவில்லை. கல்யாணம் முடிந்த மாதமே என்னை ரிஜிஸ்தர் ஆபீஸுக்குக் கூட்டிப்போய் அதை மீனா பெயருக்கு எழுதவைத்தார். "உங்க பேர்ல கிடந்தா அடுத்த விசேஷத்துக்கு உங்களுக்குக் கை அரிக்கும்" என்றார். தன் மகன் பெயரையும் சேர்க்கச் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, "அவனுக்கு நான் படிப்பக் குடுத்துட்டேன்லா" என்று முடித்துவிட்டார்.

இத்தனையும் தெரிந்திருந்தும் நான் ஊரில் வாயைத் திறக்கவில்லை. அடுத்த பொங்கலுக்குச் சொல்லலாம், பேரப்பிள்ளை காதுகுத்துக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். ஊர்க்கதையெல்லாம் அரை மணியில் பரப்புகிற எனக்கு, இந்த ஒரு கதையைச் சொல்ல ஆறு வருஷம் பற்றவில்லை. அவரும் ஒரு நாள்கூடச் சொல்லச் சொன்னதில்லை.

துட்டி வீட்டில் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். கடையத்திலிருந்து வந்த என் சித்தப்பா ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் காதோரம் குனிந்தார். அவர் ரகசியம் பேசினால் நாலு வரிசைக்குக் கேட்கும்.

"போனவளப் பேசக்கூடாது. இருந்தாலும், உங்கிட்ட அன்னைக்கு எம்புட்டுலே கேட்டா?"

எழுந்து நின்றேன். பாதி மீசையோடுதான். "சித்தப்பா, அவுக கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். நிலத்த விக்காதன்னாக. வித்தா கல்யாணம் கிடையாதுன்னாக. வீம்பு புடிச்சு அலைஞ்சது நான். ஊரு தப்பாப் பேசும்போது டீ வாங்கிக் குடிச்சிக்கிட்டுச் சும்மா இருந்ததும் நான்தான்."

சித்தப்பா எழுந்து உள்ளே போனார். சம்பந்தியம்மாவின் கால்மாட்டில் நின்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, யாரிடமும் எதுவும் பேசாமல் உட்கார்ந்தார். சங்கரபாண்டி தலையைக் குனிந்துகொண்டு, "மைனி எங்ககிட்டயும் சொல்லலியே" என்றார்.

எடுத்துக்கொண்டு போகும்போது வழியில் நாலு பேரிடம் சொன்னேன். சுடுகாட்டில் குளித்துவிட்டுத் திரும்புகையில் ஆறு பேரிடம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் யாரென்றே தெரியாது, அவரிடமும் சொன்னேன். மறுநாள் அதே டீக்கடைக்குப் போய், காசைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, அங்கிருந்த எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டுச் சொன்னேன். இன்னும் விட்டுப்போனவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

போய் வாருங்கள் சம்பந்தியம்மா. ஊர் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன்.