எனக்கு நானே அனுப்பிய நினைவூட்டு

ஆபீசுக்கு வரவில்லை என்று சொல்லி என்னைப் பணிநீக்கம் செய்தார்கள். மூன்று மாதம் திருப்பத்தூரில் போய் வேலை பார் என்று அனுப்பியதே அந்த ஆபீசுதான். வாய்மொழி உத்தரவு. காரைக்குடி வருகைப் பதிவேட்டில் என் வரிசை வெள்ளை வெளேரென்று கிடந்தது. 'ஏன் வரவில்லை' என்று விளக்கம் கேட்ட கடிதம் காரைக்குடியில் என் மேஜைக்கே வந்து, ஆள் இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறது.

வழக்குப் போட மதுரை வக்கீலுக்கு நாற்பதாயிரம் தேவைப்பட்டது. கொத்தமங்கலத்தில் கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற என் மனைவியின் அண்ணன், ஆறு பெரிய அண்டாக்களை விற்றுக் கொடுத்தார்.

"ஜெயிச்சு வாங்கிக் குடுங்க மாப்ள. தை பொறந்தா முகூர்த்தம். அண்டா இல்லாம நான் சாம்பாரை அண்ணாந்துதான் பாக்கணும்."

வழக்கில் ஜெயித்தேன். தீர்ப்பில் "வித் காஸ்ட்ஸ்" என்ற சொல் காதில் விழுந்ததும் வக்கீலின் கையைப் பிடித்து, "எவ்வளவு சார் கட்டணும்?" என்று கேட்டேன்.

"நீங்க கட்ட வேண்டாம் சார். உங்களைத் திரும்ப வேலையில சேத்துக்கிட்டு, ரசீது காட்டினா என் ஃபீசையும் உங்க ஆபீசே குடுக்கணும். இது எல்லாருக்கும் கெடைக்காது, தெரியும்ல?"

வேலைக்குத் திரும்பினேன். பில் பிரிவில் உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள் மேஜைக்கு ஒரு கோப்பு வந்தது. பொருள்: முன்னாள் பணிநீக்கப் பணியாளருக்கு வழக்குச் செலவு வழங்குதல். அந்தப் பணியாளர் நான். பரிசீலித்துக் குறிப்பு எழுத வேண்டிய எழுத்தரும் நான்.

எனக்குப் பணம் கொடுக்கலாம் என்று நானே எழுதினால் அதற்கும் ஒரு பணிநீக்கம் வருமே! கண்காணிப்பாளர் அம்மாவிடம் ஓடினேன்.

"இதை வேற யாருகிட்டயாச்சும் குடுங்க மேடம்."

"யாரு இருக்கா? ரெண்டு சீட்டு காலி. நீங்கதான் இருக்கீக. எழுதுங்க, நான் பாத்துக்கிறேன்."

சலுகை காட்டினேன் என்ற பேச்சு வரக்கூடாது என்பதால் கோப்பை நெருக்கிப் பிடித்தேன். வக்கீலின் ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லை. விடுவேனா? 'ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதை ஏழு நாட்களுக்குள் அளிக்க வேண்டும்' என்று எனக்கு ஒரு குறிப்பாணை தயாரித்தேன். அம்மா கையெழுத்திட்டார். நகலை நானே எனக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் போட்டேன்.

ஸ்டாம்பின் விலை ஒரு ரூபாய். ஆனால் அதன் மேல் வக்கீல் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மதுரை போக வேண்டும். போவதற்கு லீவு போட வேண்டும். ஆபீசுக்கு வராததற்காக ஒரு தரம் வேலை போனவன் லீவு போடுவானா? சளியும் காய்ச்சலுமாகக்கூட போய் உட்கார்ந்திருந்தேன். ஏழு நாள் பத்தாகி இருபதாகிவிட்டது. மச்சானின் போனை எடுப்பதை நிறுத்தினேன்.

மார்கழியில் ஒரு காலை என் மேஜையில் ஒரு உறை. பிரித்தேன். 'விளக்கம் அளிக்கத் தவறினால் மேல்நடவடிக்கை எடுக்கப்படும்.' முன்பு என் மேஜைக்கு வந்து திரும்பிப்போன கடிதத்தில், வழக்கின்போது நான் படித்த அதே வரி. நிமிர்ந்தால் எதிரே மச்சான், கையில் ஹெல்மெட்டோடு.

"போனை எடுக்க மாட்டேங்கிறீக, நேர்லயாச்சும்..."

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க மச்சான்!" காகிதத்தை நீட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்து முடித்தார். பிறகு ஓரத்தில் இருந்த சுருக்கொப்பத்தில் விரல் வைத்தார்.

"இந்தக் கோழிக்கிறுக்கல் உங்களதுல்ல?"

என்னுடையதுதான். முந்தின வாரம் நிலுவையில் இருந்தவர்களுக்கெல்லாம் இருபது நினைவூட்டுகளை ஒரே அச்சில் அடித்துத் தள்ளியிருந்தேன். அதில் ஒன்று எனக்கு.

"உங்களை நீங்களே மெரட்டிக்கிட்டு, என் அண்டாவை ஏன் மாப்ள அந்தரத்துல தொங்க விடுறீக? லீவு எழுதுங்க. இப்பவே."

எழுதினேன், மூன்று நகல். ஒன்றில் தேதி, நேரம், முத்திரையோடு கண்காணிப்பாளர் அம்மாவிடம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மச்சானின் வண்டியில் பின்னால் ஏறினேன். மதுரை வரை அந்தப் பையைத் தடவிக்கொண்டே போனேன். வக்கீல் ஸ்டாம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

தை பிறக்க நான்கு நாள் இருக்கும்போது பணம் வந்தது. அன்றே மச்சான் ஆறு புது அண்டா வாங்கினார்.

எங்கள் பக்கம் புதுப் பாத்திரத்தில் உடையவர் பெயரை வெட்டிவிடுவார்கள், பந்தியில் மாறிப் போகாமல் இருக்க. போன வாரம் கண்டரமாணிக்கத்தில் ஒரு கல்யாணம். சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கொதிக்கிற சாம்பார் அண்டாவின் விளிம்பில் மச்சானின் பெயர் இல்லை. என் வழக்கு எண் இருந்தது, வருடத்தோடு.

"ஆறுலயும் வெட்டியாச்சு," என்றார் மச்சான். "தொலைஞ்சு போனா எனக்கு நீங்க ஒரு நினைவூட்டு அனுப்புங்க."